எல்லை கடந்த நீதியும் எமது பாராளுமன்றமும்

மனுநீதிச் சோழனின் அரண்மனை வாயிலில் ஆராய்ச்சி மணி தொங்கிய கதையை எமது மாணவர் அறிவர். கன்றை இழந்த பசு மணியை அசைத்தது. மன்னன் நீதி வழங்கினான். ஆயின் அவனது ஆணை அவன் நாட்டு எல்லையுடன் நின்றது. வேற்று நாட்டில் நிகழும் அநீதிக்கு எமது மக்கட் பிரதிநிதிகள் யாது செய்ய இயலும்? இலங்கையில் உற்றாரை இழந்த குடும்பங்கள் பல வாழும் எம் சமூகத்திற்கு இது புறம்பான வினா அன்று.

புவாண்ட்-கிளேரில் வாழும் நாம் அறியவேண்டிய பெருமை ஒன்று மொன்றியல் மாநகருக்கு உண்டு. 1948 டிசம்பர் 10 ஆம் நாள் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற மனித உரிமைப் பிரகடனத்தின் முதல் வரைவை ஆக்கியவர், இங்குள்ள மக்கிள் பல்கலைக்கழகச் சட்டப் பேராசிரியராயிருந்த ஜோன் ஹம்ப்ரி. பிற நாடுகளில் மனித உரிமையையும் மக்களாட்சியையும் வளர்க்கவென 1988 இல் கனடியப் பாராளுமன்றம் சட்டமியற்றி அமைத்த நிலையமும் இந்நகரிலேயே இயங்கியது. 2012 இல் அது மூடப்பட்டது. பாராளுமன்றம் நாட்டியதைப் பாராளுமன்றமே களையவும் கூடும் என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

பாராளுமன்ற உறுப்பினரிடம் படையில்லை, பிறநாட்டில் அதிகாரமுமில்லை. சபையில் உரைக்கும் சொல்லும், சபை இயற்றும் சட்டமுமே அவரது கருவிகள்.

முதலிற் சொல்லை நோக்குவோம். இலங்கையில் தமிழர்க்கெதிரான இனப்படுகொலைக் குற்றச்சாட்டுகளைச் சர்வதேச மட்டத்தில் சுதந்திரமாக விசாரிக்க வேண்டுமென 2019 ஜூன் மாதம் பொதுச்சபை ஏகமனதாகக் கோரியது. 2022 மே 18 ஆம் நாள், தமிழினப் படுகொலையை ஏற்று, அந்நாளை ஆண்டுதோறும் நினைவுநாளாக அங்கீகரித்தது. இத்தகைய தீர்மானம் அரசைச் சட்டப்படி கட்டுப்படுத்தாது. எனினும் மறுக்கப்பட்ட துயரொன்று ஒரு நாட்டின் ஏட்டில் இடம்பெறுவது சிறிய செய்தியன்று.

சட்டத்தின் ஆற்றல் வேறு. பிறநாட்டில் மனித உரிமைகளைக் கொடுமையாக மீறுவோரைத் தண்டிக்கச் சட்டம் வேண்டுமென, மொன்றியலின் மவுண்ட் றோயல் தொகுதி உறுப்பினராயிருந்த இர்வின் கொட்லர் பல்லாண்டு வாதிட்டார். அவர் பதவி நீங்கிய பின், 2017 இல் அது நிறைவேறியது; பழைய பொருளாதாரத் தடைச் சட்டமும் உடன் திருத்தப்பட்டது. அவ்வாறு திருந்திய சட்டத்தின் கீழ், 2023 ஜனவரியில் முன்னாள் ஜனாதிபதிகளான மகிந்த ராஜபக்ச, கோத்தாபய ராஜபக்ச ஆகியோர் மீதும் படையினர் இருவர் மீதும் கனடா தடை விதித்தது. கனடாவில் அவர்களுக்குச் சொத்திருப்பின் அது முடக்கப்படும். இந்நாட்டினுள் நுழையவும் இயலாது. இது முழுமையான நீதியன்று. நீதிக்கான ஒரு படி.

ஆராய்ச்சி மணியின் கயிறு இன்று எம் கைகளில் உள்ளது. ஒட்டாவாவிலுள்ள உறுப்பினருக்கு அஞ்சற் கட்டணமின்றிக் கடிதம் அனுப்பலாம். கனடாவில் வதியும் 25 பேர் கையொப்பமிட்ட மனுவை உறுப்பினரொருவர் சபையிற் சமர்ப்பித்தால், அரசு 45 நாட்களுள் விடையளித்தல் வேண்டும். கையொப்பமிட வயதெல்லை இல்லை. ஆகவே மாணவரும் ஒப்பமிடலாம்.

மனு ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ அமைதல் வேண்டும். பெற்றோர் கண்டதையும் இழந்ததையும் தமிழிற் கேட்டறிந்து, அவ்விரு மொழிகளிலும் எடுத்துரைக்க வல்லவர் எம் பிள்ளைகளே. அவர்கள் தமிழ் கற்பதன் பயன்களுள் இதுவும் ஒன்றென நாம் கருதுகிறோம்.