டோட்டோ வண்டியின் மின்கலம்

சாந்த்ராகாச்சி இரயில் நிலையத்தின் வாயிலில் நம்மை எதிர்கொள்பவை ‘டோட்டோ’ எனப்படும் மின்சார ரிக்‌ஷாக்கள். அவற்றுள் பலவற்றில், இருக்கையின் அடியில் 12 வோல்ட் ஈய-அமில மின்கலங்கள் நான்கு தொடராக இணைக்கப்பட்டிருக்கும். அவை கெட்டால் ஓட்டுநரின் அன்றாடப் பிழைப்பே நின்றுவிடும்.

இம்மின்கலத்தை 1859-இல் கண்டறிந்தவர் பிரெஞ்சு அறிஞர் கஸ்தோன் பிளாந்தே. உள்ளே இருப்பவை ஈயத் தகடுகளும் நீர் கலந்த கந்தக அமிலமும். மின்சாரம் செலவாகும்போது தகடுகளின்மேல் ஈய சல்பேட்டு நுண்துகள்களாகப் படிகிறது. உடனே மின்னேற்றினால் அது மீண்டும் ஈயமும் அமிலமுமாக மாறும். பல நாள் வெறுமையாக விட்டாலோ, கெட்டிப் படிகமாக இறுகிவிடும். பிறகு மின்னேற்றியும் பெரும் பயனில்லை. ஆகவே உழைப்பைவிடப் பட்டினியே மின்கலத்திற்குப் பெரும் பகை.

ஓடிய வண்டிக்கு அன்றிரவே முழு மின்னேற்றம் வேண்டும். மின்னேற்றத்தில் நீர் சிதைந்து குறையும், மூடி திறந்து நீர் ஊற்றும் வகையானால், மின்னேற்றிய பின் காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றுக, அமிலம் ஊற்றலாகாது. அப்போது வெளிவரும் ஹைட்ரஜன் வெடிக்கக்கூடியது. காற்றோட்டம் தேவை, பீடி நெருப்பும் அருகே ஆகாது. நான்கில் ஒன்று நலிந்தாலும் வண்டியின் ஓட்டம் குன்றும். ஆதலின் ஒவ்வொன்றையும் தனித்தனியே அளந்து பார்த்தல் நலம். முழு மின்னேற்றத்திற்குப் பின் சில மணி நேரம் ஓய்ந்திருந்த மின்கலம் ஏறத்தாழ 12.7 வோல்ட் காட்டும்; 12.2 என்றால் பாதியே மிச்சம்.

விடுமுறைக்கு ஊர் செல்லும் நண்பர்களே, அறையிலுள்ள இன்வெர்ட்டர் மின்கலத்திற்கும் இதே விதிதான். நிறைத்து வைத்துவிட்டுப் புறப்படுங்கள்!