எதிர்ப்பொருளும் கீழேதான் விழுகிறது

எதிர்ப்பொருள் என்ற பெயரைக் கேட்டதுமே, அது எல்லாவற்றிலும் நேர்மாறாக நடந்துகொள்ளும் என்று நினைக்கத் தோன்றும். மின்னூட்டத்தைப் பொறுத்தவரை அது சரி. 1928-இல் பால் டிராக் எழுதிய சமன்பாடு இப்படியொரு துகளுக்கு வழிவிட்டது; 1932-இல் கார்ல் ஆண்டர்சன் காஸ்மிக் கதிர்களின் தடத்தில் பாசிட்ரானைக் கண்டார். எலக்ட்ரானுக்கு எதிர்மின்னூட்டம், இதற்கு நேர்மின்னூட்டம். நிறை மட்டும் இரண்டுக்கும் ஒன்றே. அப்படியானால் பூமி அதையும் கீழ்நோக்கித்தானே இழுக்கவேண்டும்? ஏட்டில் எளிதாகத் தோன்றும் இந்தக் கேள்விக்கு நேரடியான பதில் கிடைக்க 2023 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. காரணம், ஈர்ப்பு அவ்வளவு பலவீனமானது. ஐந்து மீட்டர் தள்ளி இருக்கும் ஒரே ஒரு எலக்ட்ரானின் மின்விசை, ஒரு பாசிட்ரானின் மொத்த எடையையும் ஈடுகட்டிவிடும். ஆய்வுக்கூடத்தின் உலோகச் சுவர்களில் இருக்கும் மின்னூட்டங்களுக்கு நடுவே அந்த எடையை எப்படிப் பிரித்தறிவது?

ஆகவே மின்னூட்டமே இல்லாத எதிர்ப்பொருள் தேவைப்பட்டது. ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வகத்தில் ஆல்ஃபா குழுவினர், எதிர்ப்புரோட்டானையும் பாசிட்ரானையும் சேர்த்து எதிர் ஹைட்ரஜன் அணுக்களை உருவாக்கி, செங்குத்தான காந்தப் பொறி ஒன்றில் அடைத்தார்கள். பிறகு பொறியின் மேல்மூடியாகவும் கீழ்மூடியாகவும் இருந்த காந்தப்புலங்களை ஒரே சீராகத் தளர்த்தினார்கள். வெளியேறும் அணு சுவரில் பட்டு அழியும்போது, அது மேலே போனதா கீழே போனதா என்பது பதிவாகும். சுமார் 80 சதவீதம் கீழே போயின. மீதி ஏன் மேலே போயின என்று கேட்கலாம். தனிச்சுழி வெப்பநிலைக்கு மேல் அரை கெல்வின் அளவுக்குக் குளிர்ந்திருந்தாலும் அந்த அணுக்கள் நொடிக்குப் பல பத்து மீட்டர் வேகத்தில் அலைந்துகொண்டிருந்தன. சாதாரண ஹைட்ரஜனை அதே பொறியில் விட்டாலும் கணிப்பொறிக் கணக்கு ஏறக்குறைய இதே விகிதத்தைத்தான் தருகிறது. இரு முனைகளுக்கும் இடையே ஈர்ப்பு ஏற்படுத்தும் வித்தியாசம் நாலரை காஸ் காந்தப்புலத்துக்குச் சமம். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தம்கூட அதைவிடப் பல மடங்கு வலியது. அந்த அளவு புலத்தை வேண்டுமென்றே எதிர்த்திசையில் கொடுத்துப் பார்த்தபோது, அணுக்கள் மேலும் கீழும் ஏறக்குறையப் பாதிப் பாதியாகப் பிரிந்தன. என்னைப் பொறுத்தவரை, 80 சதவீதத்தைவிட இந்தச் சரிபார்ப்புதான் வலுவான சான்று.

இதற்கு இரண்டு ஆட்சேபங்கள் உண்டு. தெரிந்ததைத்தானே மெனக்கெட்டு நிரூபித்தார்கள் என்பது ஒன்று. மேல்நோக்கி விழும் பொருள் இருந்தால் ஆற்றல் அழிவின்மை விதியே குலையும் என்று 1958-இலேயே ஃபிலிப் மாரிசன் வாதிட்டார், வலுவான வாதம்தான். ஆனால் எந்த மறைமுக வாதமும் சில அனுமானங்களின் மேல் நிற்பது. ஈர்ப்பையும் குவாண்டம் விதிகளையும் இணைக்கும் முழுமையான கோட்பாடு நம்மிடம் இல்லாதபோது, விட்டுப் பார்ப்பதே நேர்மையான வழி. இரண்டாவது ஆட்சேபம் எண்ணைப் பற்றியது. எதிர் ஹைட்ரஜனின் முடுக்கம் சாதாரணப் பொருளுடையதில் 0.75 பங்கு என்று வந்ததே, அப்படியானால் ஈர்ப்பு அதற்குக் குறைவா? அப்படிச் சொல்ல இடமில்லை. பரிசோதனையின் பிழை வரம்பு 0.13, கணிப்பொறிக் கணக்கினால் வரும் பிழை வரம்பு 0.16. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 1 என்ற மதிப்பு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. அதே சமயம், முழுச் சமம் என்று கொண்டாடுவதும் அவசரம். சாதாரணப் பொருள்களின் வீழ்ச்சியை மைக்ரோஸ்கோப் செயற்கைக்கோள் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு நுட்பம்வரை ஒப்பிட்டிருக்கிறது. இங்கே நாம் இன்னும் நூற்றுக்கு இருபது என்ற அளவில்தான் நிற்கிறோம். எதிர்ப்பொருள் மேலே விழாது என்பது முடிந்த விஷயம். அது எவ்வளவு வேகமாகக் கீழே விழுகிறது என்பதை அளக்க ஆல்ஃபாவோடு செர்னின் ஜிபார், ஏஜிஸ் குழுக்களும் முயன்று வருகின்றன.