நிலவிலிருந்து வந்த இளவரசி

ஜப்பானிய இலக்கியத்தில் மிகப் புராதனமான உரைநடைக் கதையென்று கருதப்படும் மூங்கில் வெட்டுபவரின் கதையை, ‘இளவரசி ககுயாவின் கதை’ என்னும் சித்திரத் திரைப்படமாக 2013-ஆம் ஆண்டில் அளித்தவர், கிப்லி சித்திரக்கூடத்தின் ஸ்தாபகர்களுள் ஒருவரான இசாவோ தகாஹாதா ஆவார். மூங்கிலுக்குள் கிழவர் கண்டெடுத்த விரலளவுக் குழந்தை அதிசய வேகத்தில் வளர்ந்து பேரழகியாவதும், மணம் நாடி வந்த ஐந்து பிரபுக்களிடம் புத்தரின் பிக்ஷா பாத்திரம் முதலிய கிடைத்தற்கரிய பொருள்களைக் கேட்டு அவர்களைத் திணற அடிப்பதும், கடைசியில் சந்திரலோகம் திரும்புவதும் மூலத்தில் உள்ளவையே.

ஆனால், ஏதோ குற்றத்துக்காகவே அவள் பூமிக்கு அனுப்பப்பட்டாள் என்று கூறிவிட்டு, அக்குற்றம் யாதென மூலக்கதை மௌனம் சாதிக்க, துக்கமும் சுகமும் கலந்த இப்பூவுலக வாழ்வின்மீது ஆசை வைத்ததே அக்குற்றம் என்று தகாஹாதா விடை கூறுகிறார்.

சித்திரங்களோ, நீர்வர்ணம் மெல்லத் தோய்ந்து, ஓரங்கள் நிரப்பப்படாத வெற்றுத் தாளாகவே விடப்பட்டவை. பெயர் சூட்டு விழா விருந்தில் அவமதிக்கப்பட்ட ககுயா, பட்டாடைகளை ஒவ்வொன்றாக உதறி எறிந்துகொண்டு ஓடும் கட்டத்தில், அதுவரை சாந்தமாயிருந்த கோடுகள் கரித்துண்டின் ஆவேசக் கிறுக்கல்களாக மாறிவிடுகின்றன. சித்திரக்காரரின் கையே கோபங்கொண்டதோ என்று நினைக்கத் தோன்றும். விந்தை என்னவெனில், தகாஹாதா தாமே படம் வரைபவர் அல்லர்.

பிரபுக்களின் படலம் சற்றே நீண்டுவிட்டதென்பது என் அபிப்பிராயம். எனினும், பிரிவாற்றாது முதியவர்கள் கதறும் வேளையில், சந்திரலோகப் பரிவாரத்தை ஜோ ஹிசாய்ஷியின் குதூகல இசையோடு இறங்கிவரச் செய்தது அபார துணிச்சல்.