இறந்த நாளும் சட்டமும்

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களில் தொழிலாளர் குடியிருக்கும் வீடு பெரும்பாலும் நிர்வாகத்திற்கே சொந்தம். பிள்ளைகளுக்கு விட்டுச்செல்ல அவர்களிடம் இருப்பது வங்கிச் சேமிப்பும் கொஞ்சம் நகையும்தான். சிறு சொத்து என்பதாலேயே அதில் யாருக்கு எவ்வளவு என்பது குடும்பத்திற்குப் பெரிய கேள்வியாகிறது.

உயில் எழுதாமல் இறந்தவரின் சொத்தைத் தீபகற்ப மலேசியாவில் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி பிரிப்பார்கள். முஸ்லிம்களுக்கு இது பொருந்தாது. தொடக்கத்தில் இச்சட்டம் ஒருதலையாக இருந்தது. மனைவி இறந்தால் சொத்து முழுவதும் கணவருக்கு. கணவர் இறந்து பிள்ளைகளும் இருந்தால், மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு மட்டுமே. 1997 ஆகஸ்டு 31இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் இருவரையும் சமமாக்கியது. பிள்ளைகள் இருந்தாலும் இறந்தவரின் பெற்றோருக்குப் பங்கு உண்டு என்றும் ஆக்கியது.

கொழுந்து பறிக்கும் பெண் ஒருவர் 24,000 ரிங்கிட் விட்டு இறந்தார் என்று வைத்துக்கொள்வோம். கணவர், இரு பிள்ளைகள், வயதான தாய் இருக்கிறார்கள். அவர் 1998இல் இறந்திருந்தால் நால்வருக்கும் ஆளுக்கு 6,000 ரிங்கிட். 1996இல் இறந்திருந்தால்? முழுத் தொகையும் கணவருக்கே. குடும்பத்தார் 2000ஆம் ஆண்டில்தான் மனு செய்தார்கள் என்றாலும் இக்கணக்கு மாறாது. சட்டம் பார்ப்பது மனு செய்த நாளை அன்று, இறந்த நாளை.

அந்தத் தாய்க்கு இது கசப்பானதே. ஆயினும், புதிய சட்டம் பின்னோக்கிச் சென்றால், பல்லாண்டுகளுக்கு முன் பிரித்து முடித்த சொத்துகளையும் மீண்டும் கூறுபோட வேண்டிவரும். விற்ற நகையையும் செலவழிந்த பணத்தையும் யார் திருப்பித் தருவது?