இழுவை வண்டியும் பின்னச்சுப் பூட்டும்

உழவனது உழைப்பின் பயன் கதிர் முற்றிய அன்றே கைக்கு வந்துவிடுவதன்று. வயலினின்று சாலைக்கும், சாலையினின்று சந்தைக்கும் சென்று சேர்ந்த பின்னரே அது பொருளாகும். கடலூர் மாவட்டத்தின் மேற்கே, திட்டக்குடி வட்டத்தைச் சார்ந்த எம் மங்களூர்ப் பகுதியில் இவ்வழிக்கு இடையூறாவது பெரும்பாலும் தொலைவன்று. வயலுக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே கிடக்கும் சிறு கரிசல் நிலமேயாம். வடகிழக்குப் பருவமழை பெய்து ஓய்ந்த நாட்களில், மக்காச்சோளமோ பருத்தியோ கரும்போ ஏற்றிய டிரெய்லரை இழுத்துவரும் டிராக்டர் அங்கே நின்றுவிடுதலும், அதன் ஒரு சக்கரம் சேற்றைக் கடைந்து சுழல மற்றொன்று அசைவற்றிருத்தலும் எம் பக்கத்தார் யாவரும் கண்டறிந்தனவே. விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்கூடங்களுக்குக் களிமண் ஏற்றும் லாரிகளுக்கும் குழியோரத்தில் இவ்விடர் நேர்வதுண்டு.

எஞ்சினுக்கு வலிமை போதவில்லையோ எனின், அன்று. வலிமை வேண்டாத இடத்திற்குப் போகின்றது. வேண்டிய இடத்திற்குப் போகவில்லை. இதன் காரணத்தையும், இதற்கென அமைந்த இருவகைக் கருவிகளையும், இழுவை வண்டிக்கு அவற்றுள் எது தக்கது என்பதையும் ஈண்டு ஆராய்வாம்.

முதற்கண் மாட்டு வண்டியை நோக்குக. அதன் அச்சு சுழல்வதில்லை. இரு சக்கரங்களும் அச்சின் முனைகளிலே கடையாணியால் காக்கப்பட்டுத் தனித்தனியே உருள்கின்றன. இழுப்பது மாடு ஆதலின், சக்கரங்களுக்கு உருளுதலன்றி வேறு கடமை இல்லை. மோட்டார் வண்டியிலோ சக்கரமே தள்ளவேண்டும். வண்டி திரும்புங்கால் வெளிப்புறச் சக்கரம் உட்புறச் சக்கரத்தினும் மிகுதியான தொலைவு ஓடவேண்டும். பின்சக்கரங்கள் இரண்டிற்கும் இடைவெளி 1.4 மீட்டர் எனக் கொண்டால், ஒரு கால்வட்டத் திருப்பத்தில் இவ்வேறுபாடு 2.2 மீட்டராகும். வளைவு அகன்றதாயினும் குறுகியதாயினும் இவ்வளவு மாறாது என்பது கணக்கின் நயம். இரு சக்கரங்களையும் ஒரே இருசில் இறுக்கிவிட்டால், திருப்பந்தோறும் ஒன்று தரையில் தேய்ந்தே தீரவேண்டும்.

இக்குறையைத் தீர்ப்பதே டிபரன்ஷியல் எனப்படும் பற்சக்கரத் தொகுதி. 1820-களின் இறுதியில் பிரான்சு நாட்டுப் பெக்கூர் என்பார் நீராவி வண்டிக்கென இதற்குக் காப்புரிமை பெற்றார். இரு சக்கரங்களும் வேண்டியவாறு வெவ்வேறு வேகத்தில் ஓடுதற்கு இஃது இடந்தருகின்றது. ஆயின் இதன் நடுவுநிலைமையே இதற்குக் குற்றமாயும் முடிகின்றது. வேகத்தைப் பிரித்து வழங்குமேயன்றி, முறுக்கு விசையை இருபாலும் எப்போதும் சமமாகவே வழங்கும். ஆகவே சேற்றிலுள்ள சக்கரம் எவ்வளவு சிறு விசையைத் தாங்குமோ, அவ்வளவே கெட்டித்தரையில் நிற்கும் சக்கரத்திற்கும் கிட்டும்.

இதனை எண்ணால் விளக்குவாம். ஐந்து டன் எடையுள்ள டிரெய்லரை ஈர நிலத்தில் நகர்த்த 600 கிலோ அளவான இழுப்பு வேண்டும் எனக் கொள்க. சேற்றிலுள்ள சக்கரம் 100 கிலோவும், கெட்டியில் உள்ளது 700 கிலோவும் தாங்கும் எனவும் கொள்க. சாதாரண டிபரன்ஷியல் தருவது நூறும் நூறுமாக 200 மட்டுமே, வண்டி அசையாது. கெட்டியிலுள்ள சக்கரத்தின் அறுநூறு கிலோ வலிமை வாளா கிடக்கின்றது.

இதற்கு மாற்று இரண்டு. ஒன்று, டிபரன்ஷியல் லாக் எனப்படும் பூட்டு. இரு பக்கத்து இருசுகளையும் ஒன்றாக இணைத்துவிடுவது. மற்றொன்று, லிமிடெட் ஸ்லிப் எனப்படுவது. வழுக்கலை முற்றும் தடுக்காது ஓரளவே விடுவது. இதனுள் உராய்வுத் தட்டுகளோ தனிவகைப் பற்சக்கரங்களோ அமைந்து, சுழலும் சக்கரத்தினும் நிற்கும் சக்கரத்திற்கு மிகுதியான விசையைத் தள்ளும். அம்மிகுதி மூன்று மடங்கு எனின், மேற்கூறிய கணக்கில் நூறும் முந்நூறுமாக 400 கிலோ கிட்டும். பூட்டிலோ நூறும் எழுநூறுமாக 800 கிட்டும். வேண்டியது 600 ஆதலின், வயலில் பூட்டே வெல்கின்றது. ஒரு சக்கரம் பள்ளத்தின்மேல் அந்தரத்தில் தொங்கினால் வேற்றுமை இன்னும் தெளிவாம். பற்சக்கரத்தால் மட்டும் இயங்கும் லிமிடெட் ஸ்லிப்பிற்குச் சுழியின் மும்மடங்கும் சுழியே.

இவ்விரண்டின் பிறப்பும் இவற்றின் இயல்பை உணர்த்தும். 1935-ஆம் ஆண்டளவில் ஜெர்மனியில் ஆட்டோ யூனியன் பந்தயக் கார்களின் ஒரு சக்கரம் மட்டும் வீணே சுழல்வது கண்டு, போர்ஷே என்னும் பொறியாளர் இசட்.எப். நிறுவனத்தாரைக் கொண்டு லிமிடெட் ஸ்லிப் அமைப்பித்தார். அது விரைவுக்கும் வளைவுக்கும் பிறந்த கருவி. பூட்டோ சேற்றுக்கும் பாறைக்கும் உரியது. இன்று நம் நாட்டு டிராக்டர்களில் ஓட்டுநர் காலருகே ஒரு மிதியாகவும், குழிகளில் உழைக்கும் டிப்பர் லாரிகளில் ஒரு சுவிட்சாகவும் அது காணப்படுகின்றது. தானே பூட்டிக்கொள்ளும் வகையும் உண்டு. 2015-ஆம் ஆண்டு மகிந்திரா தார் ஜீப்பின் பின்னச்சில் அது வந்தது. இவ்வகையில் இரு சக்கரங்களின் வேகமும் பெரிதும் வேறுபட்ட அளவில் பூட்டு தானே விழும். வண்டி விரைந்து ஓடுங்கால் விழாது.

அங்ஙனமாயின் பூட்டையே எங்கும் கொள்ளலாமே எனின், இழுவை வண்டிக்குச் சாலையில் வேறோர் அறம் உண்டு. பூட்டிய பின்னச்சு நேரே செல்லவே விரும்பும். டிரெய்லரின் பாரம் பின்கொக்கியை அழுத்த, முன்சக்கரங்களின் எடை குறைந்து, ஸ்டியரிங் முன்னரே தளர்ந்திருக்கும். இந்நிலையில் பூட்டும் விழுந்திருந்தால், வளைவில் ஸ்டியரிங்கைத் திருப்பியும் வண்டி திரும்பாது வாய்க்காலை நோக்கிப் போதல் கூடும். மழையால் நனைந்த சாலையில் இன்னும் ஒரு கேடு உளது. சாதாரண டிபரன்ஷியலில் ஒரு சக்கரம் சுழன்றாலும் மற்றொன்று தரையைப் பற்றி நின்று, வண்டி பக்கவாட்டில் நழுவாது காக்கும்; பூட்டியதில் இரண்டும் ஒருங்கே வழுக்க, வண்டியின் பின்புறமே ஒருபுறம் சாய்ந்தோடும். மேலும், விசை முழுதும் ஒரே இருசின்மேல் விழுதலின், அளவுக்கு மிஞ்சிய பாரத்தில் இருசு முறிதலும் உண்டு.

லிமிடெட் ஸ்லிப்பிற்கு இத்துணை அச்சமில்லை. ஓட்டுநர் நினைவின்றியே அது தன் தொழிலைச் செய்யும். சாலையின் ஒருபுறம் மணலும் மறுபுறம் தாரும் ஆனவிடத்து நன்கு உதவும். ஆயின் உராய்வுத் தட்டுகள் நாளடைவில் தேயும். அதற்கென விதித்த எண்ணெயையே ஊற்றுதல் வேண்டும். தேய்ந்த பின்னர் அது சாதாரண டிபரன்ஷியலினும் சிறந்ததன்று. பூட்டிற்குத் தேய்மானம் சிறிது. அதன் குறையெல்லாம் மனிதனது மறதியே.

எனவே தேர்வு இவ்வாறு அமையும். தார்ச்சாலையிலும் செம்மண் பாதையிலும் பெரும்பாலும் ஓடி, இலேசான பாரத்தை இழுக்கும் ஜீப்பிற்கும் சிறு லாரிக்கும் லிமிடெட் ஸ்லிப்போ தானியங்கு பூட்டோ தக்கது. கரிசல் வயலினின்றும் களிமண் குழியினின்றும் ஐந்து டன்னை இழுத்தேற்றும் டிராக்டருக்கும் லாரிக்கும், ஓட்டுநர் தம் விருப்பால் இட்டு எடுக்கும் பூட்டே தக்கது. எம் மங்களூர்ப் பகுதிக்கு இதுவே பொருந்தும் என்பது எம் துணிபு. ஏனெனில் இடர் வருமிடம் சிறிதாயினும், வந்தால் அரைகுறை உதவி பயன்படாது.

ஆனால் பூட்டுள்ள வண்டியை வாங்குவதினும் அதனை ஆளும் முறையை அறிதல் பெரிது. சக்கரம் சுழன்றுகொண்டிருக்கும்போது பூட்டை மிதித்தலாகாது. நின்று, மிதித்து, மெல்ல நகர்தல் வேண்டும். பூட்டு விழுந்துள்ள வரை நேரே செல்க, திரும்பற்க. கெட்டித்தரை வந்ததும் காலை எடுத்துவிடுக. விசையழுத்தத்தால் பூட்டு விடாது பற்றியிருப்பின் கிளச்சை மிதிக்க, அது விலகும். சாலையேறுமுன் இடம் வலமாகப் பிரிந்துள்ள பிரேக் மிதிகளைக் கொண்டியால் ஒன்றாக இணைத்துவிடுக. பூட்டில்லாத டிராக்டரில் சுழலும் சக்கரத்தின் பிரேக்கை மட்டும் மெல்ல மிதித்து மற்றதற்கு விசையை அனுப்பும் உபாயமும் உண்டு. இன்றைய கார்களில் மின்னணுக் கருவி செய்வதும் இதுவே.

இரண்டு கருவிகளும் செய்யவியலாத ஒன்றுண்டு: இல்லாத பிடிப்பை அவை உண்டாக்கமாட்டா. இரு சக்கரங்களும் சேற்றிலிருப்பின் பூட்டும் வீணே. பாரத்தைக் குறைத்தலும், டயரின் பற்களைப் பேணலும், மண் காயும்வரை பொறுத்தலுமே அப்போது மருந்து. கொக்கியை உயர்த்திக் கட்டி வலிந்து இழுத்தால், டிராக்டரின் முன்புறம் மேலெழுந்து ஓட்டுநர்மேல் கவிழவும் கூடும். ஒரு பொழுது தங்கிய சோளத்தை மறுநாள் ஏற்றலாம். போன உயிரை ஏற்றுதல் இயலாது. ஆகலின், பூட்டு வேண்டுமிடத்து அதனை இடுதலும், வேண்டாவிடத்து நினைந்து எடுத்தலும், இழுக்கலாகாத பாரத்தை இழுக்க மறுத்தலும் ஆகிய மூன்றையும் கற்றவரே நல்ல ஓட்டுநர் என்க.