ராணுவ அனுபவத்துக்கு ஒரு சிவில் பயோடேட்டா

வேலூர் மாவட்டம் கம்மவான்பேட்டைக்கு ராணுவப்பேட்டை என்று இன்னொரு பெயர் உண்டு. அங்கே மட்டுமல்ல, பல ஊர்களிலும் நாற்பது வயதைத் தொடுவதற்கு முன்பே ஓய்வு பெற்று வீடு திரும்பும் ஜவான்களைப் பார்க்கலாம். 15 ஆண்டு பணி முடித்தவருக்கு பென்ஷன் உண்டு. ஆனால் அது கடைசிச் சம்பளத்தில் ஏறக்குறைய பாதிதான். பிள்ளைகளோ இன்னும் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். 2022ல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோருக்கு நான்கே ஆண்டுகள்தான் பணி, பென்ஷனும் கிடையாது.

உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், புதிதாக வாங்கிய கம்ப்யூட்டரில் முதலில் அவருடைய பயோடேட்டாவைத் தயார் செய்யுங்கள்.

"ஹவில்தார், ஏ.எஸ்.சி., எம்.டி. டிரைவர்" என்று டைப் செய்தால் ராணுவத்தில் எல்லாருக்கும் புரியும். தனியார் கம்பெனியில் மனுக்களைப் பிரிப்பவருக்குப் புரியுமா? வேலைவாய்ப்புத் தளங்களிலும் சொற்களை வைத்துத்தான் ஆள் தேடுகிறார்கள். ஹவில்தார் என்று யார் தேடப் போகிறார்கள்? ஓய்வு பெற்றவர்களில் பலர் செக்யூரிட்டி வேலைக்கே போவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். அந்த வேலைக்கு மட்டும்தான் விளக்கம் எதுவும் தேவைப்படுவதில்லை.

வேர்டில் இன்சர்ட் மெனு சென்று, இரண்டு காலம் கொண்ட டேபிள் ஒன்றை அமையுங்கள். வேர்ட் இல்லாதவர்கள் லிப்ரே ஆபீஸ் தொகுப்பை இலவசமாக டவுன்லோட் செய்து கொள்ளலாம். இடது காலத்தில் அவர் சொல்லும் ராணுவப் பெயர். வலது காலத்தில் அவர் தினமும் செய்த வேலை. "சும்மா டூட்டி பார்த்தேன்" என்பார். விடாதீர்கள். எத்தனை வண்டி, எத்தனை பேர், எத்தனை வருடம் என்று கேளுங்கள். செக்‌ஷன் கமாண்டர் என்பது "10 பேர் கொண்ட குழுவின் மேற்பார்வையாளர்" ஆகும். ஸ்டோர்மேன் என்றால் கிடங்கு இருப்புக் கணக்கு. சிக்னல்ஸ் லைன்மேன் என்றால் டெலிபோன் கேபிள் பராமரிப்பு. லங்கர் சமையல்காரர் தினமும் எத்தனை பேருக்குச் சமைத்தார் என்ற எண்ணிக்கையைப் பார்த்தாலே ஹோட்டல்காரர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

தனியார் கம்பெனிக்கு வலது காலம் போதும். அரசு வேலை மனுவில் மட்டும் ரேங்க், டிரேட் இரண்டையும் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் உள்ளபடியே எழுதுங்கள். மத்திய அரசின் குரூப் சி பணியிடங்களில் முன்னாள் படைவீரர்களுக்கு 10 சதவீத ஒதுக்கீடு உண்டு. அதைப் பெற ஆவணமும் மனுவும் ஒத்துப்போக வேண்டும். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் பதிவு செய்வதும் அவசியம். இன்னும் பணியில் இருப்பவர் என்றால், பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்குநரகம் நடத்தும் பயிற்சிகளுக்கு ஓய்வுக்கு முன்பே விண்ணப்பிக்கச் சொல்லுங்கள்.

முகாம் இருந்த இடம், ஆயுத விவரம் எதையும் டைப் செய்ய வேண்டாம். வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவர்களுக்கு டிஸ்சார்ஜ் புத்தகத்தின் ஸ்கேன் காப்பியை அனுப்பவே கூடாது.

பைலை பி.டி.எப். ஆக சேவ் செய்து, அவர் பெயரையே பைலுக்கும் வையுங்கள். ஆன்லைன் மனுக்களில் போட்டோ பெரும்பாலும் 50 கேபிக்குள் இருக்க வேண்டும் என்பார்கள். பெயிண்ட் புரோகிராமில் ரீசைஸ் கொடுத்தால் அளவு குறைந்துவிடும்.