ஹெட்லைட் எரியவில்லையா? பர்ஸைத் திறக்கும் முன் எர்த்தைப் பாருங்கள்

இரவு நேரம், இருவழிச் சாலை. எதிரே ஒற்றை விளக்கு வருகிறது. பைக் என்று நினைத்து முன்னால் போகும் லாரியை முந்தப் பார்ப்போம். வருவது இடது விளக்கு மட்டும் எரிகிற காராக இருந்தால், அந்த வெளிச்சத்துக்கும் நமக்கும் நடுவே ஐந்தடி அகலத்துக்கு இரும்பு இருட்டில் வருகிறது. நம் ஊரில் வலது ஹெட்லைட் போவது அதனால்தான் இன்னும் ஆபத்து. ஆனாலும் பலர், "ஒரு லைட்டு எரியுதே, ஊருக்குப் போய்ப் பாத்துக்கலாம்" என்று வண்டியை எடுத்துவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

சரிசெய்யப் போனால் அடுத்த சிக்கல். "ஹெட்லைட் செட்டே போயிடுச்சு சார், மாத்தணும்" என்பார்கள். பல கார்களில் அது ஆயிரக்கணக்கான ரூபாய் செலவு. உண்மையான கோளாறு ஒரு துருப்பிடித்த போல்ட்டாக இருக்கலாம். எதையும் மாற்றுவதற்கு முன்பு அளந்து காட்டச் சொல்லுங்கள்.

அறிகுறிகளே பாதி வழியைக் காட்டிவிடும். ஒரு பக்கம் மட்டும் எரியவில்லை என்றால் பல்பு, அந்தப் பக்கத்து ஃபியூஸ், ஹோல்டர் ஆகியவற்றைப் பாருங்கள். இரண்டும் ஒன்றாக அணைந்தால் இரண்டு பல்பும் ஒரே நேரத்தில் போயிருக்கும் என்பது அபூர்வம். ரிலே, ஸ்டியரிங் அருகில் உள்ள சுவிட்ச், பொதுவான எர்த் (விளக்கை வண்டியின் உடல் வழியாக பேட்டரியின் நெகட்டிவோடு சேர்க்கும் இணைப்பு) என்று தேட வேண்டும். பல கார்களில் ஹார்ன் ரிலேவும் ஹெட்லைட் ரிலேவும் ஒரே எண் கொண்டவை. அப்படி இருந்தால் இடம் மாற்றிப் போட்டுப் பார்க்கலாம். இண்டிகேட்டர் வழக்கத்தைவிட வேகமாக மின்னினால் அந்தப் பக்கம் ஒரு பல்பு போயிருக்கிறது என்று பொருள். இண்டிகேட்டர் போடும்போது பார்க்கிங் லைட்டும் சேர்ந்து துடித்தாலோ, ஒரு ஹெட்லைட் மட்டும் மங்கலாக எரிந்தாலோ, முதல் சந்தேகம் எர்த் மேல்தான்.

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மீட்டர் வைத்தால் 12 வோல்ட் காட்டும். "கரண்ட் வருதே, அப்போ லைட் செட்டுதான் கோளாறு" என்று முடிவு கட்டிவிடுவார்கள். மின்சாரம் ஓடாதபோது, களிம்பு பிடித்த கம்பிகூட முழு மின்னழுத்தத்தைக் காட்டும். அதனால் விளக்கை எரியவிட்டுத்தான் அளக்க வேண்டும். மீட்டரின் கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவிலும், சிவப்பு முனையை ஹோல்டருக்குப் பின்னால் எர்த் வயரிலும் வையுங்கள். 0.2 வோல்ட் அளவில் காட்டினால் எர்த் நன்றாக இருக்கிறது. 2 வோல்ட் காட்டினால் பல்புக்குப் போக வேண்டியது அந்த மூட்டிலேயே வீணாகிறது. ஹாலஜன் பல்புக்கு மின்னழுத்தம் 10 சதவீதம் குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்துவிடும். எர்த் போல்ட்டைக் கழற்றி, எமரித் தாளால் தேய்த்து இறுக்கினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். சில கார்களில் சுவிட்ச் நெகட்டிவ் பக்கம் இருக்கும். அவற்றுக்கும், கம்ப்யூட்டர் கட்டுப்படுத்தும் எல்.இ.டி. விளக்குகளுக்கும் ஸ்கேனர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனே நல்லது. ஹெச்.ஐ.டி. விளக்கு எரியத் தொடங்கும்போது அதில் ஆயிரக்கணக்கான வோல்ட் இருக்கும். அதை நீங்கள் திறக்கவே வேண்டாம்.

அடிக்கடி பல்பு போகிறதென்றால், இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் அளந்து பாருங்கள். 15 வோல்ட்டைத் தாண்டினால் கோளாறு ஆல்டர்னேட்டரில் இருக்கிறது. இன்னொன்று, புது ஹாலஜன் பல்பின் கண்ணாடியைக் கையால் தொடக் கூடாது. விரலின் எண்ணெய்ப் பசை பட்ட இடம் கூடுதலாகச் சூடேறிச் சீக்கிரம் போய்விடும்.

வெளிச்சம் போதவில்லை என்று 100/90 வாட் பல்பு போடுகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. வழக்கமான ஹெச்4 பல்பு 60/55 வாட். அது இழுப்பது சுமார் 5 ஆம்பியர். 100 வாட் பல்பு 8 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். ஹோல்டர் உருகும், வயர் கருகும். ஃபியூஸ் போகப் போக அதற்குப் பதில் செம்புக் கம்பியோ சிகரெட் பெட்டித் தாளோ வைத்தால், தீயைத் தடுக்க இருந்த ஒரே காவலும் போய்விட்டது. 10 ஆம்பியர் சிவப்பு ஃபியூஸ் இருந்த இடத்தில் 20 ஆம்பியர் மஞ்சளைச் செருகுவதும் அதே தவறுதான்.

சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. எரியாத ஹெட்லைட்டுடன் இரவில் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 177-ஆம் பிரிவில் முதல் முறை 500 ரூபாய் வரை, மறுமுறை 1,500 ரூபாய் வரை அபராதம். அனுமதியில்லாத மாற்றம் செய்தால் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ உண்டு. வயரை வெட்டி ஒட்டினால் மின்பகுதிக்கான வாரண்டியும் கைவிட்டுப் போகலாம். ஒரே மாடலில் பல கார்களுக்கு ஹோல்டர் உருகுகிறது என்றால் அது உங்கள் தலைவிதி அல்ல. பாதுகாப்பைப் பாதிக்கும் குறை உள்ள வாகனங்களைத் திரும்பப் பெறச் சொல்ல 110ஏ பிரிவு அரசுக்கு அதிகாரம் தருகிறது. அதற்கு உரிமையாளர்கள் புகார் செய்ய வேண்டும்.

சர்வீஸ் சென்டரில் வேலை தொடங்கும் முன் மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். எந்த அளவீட்டை வைத்து மாற்றச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள். கழற்றிய பழைய பாகத்தைக் கையில் வாங்குங்கள். அது பின்னாளில் சாட்சி. பில் தர மறுப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-ன்படி முறையற்ற வணிகம். மாற்றிய பிறகும் பழுது தீரவில்லை, பணமும் திரும்பவில்லை என்றால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகளுக்குள் போக வேண்டும், பில் வேண்டும். அதை வாங்காமல் வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.